சிவப்பு மையில் இருபத்தேழு காலடி

ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் எங்கள் பள்ளிக்கூடத்தில் முதலில் குளிப்பது கழிப்பறை. அதற்குப் பிறகு சுவர்கள், அதற்கும் பிறகு பிள்ளைகள். ஆசிரியர்கள் சென்ட் அடித்துக்கொள்வதோடு சரி.

இந்த முறை சுற்றறிக்கையோடு ஒரு வில்லங்கமும் சேர்ந்து வந்தது. 'புதையல் வேட்டை வரைபடம் வாயிலாகத் திசை, தூரம், குறியீடு கற்றல்.' பிள்ளைகள் வளாகத்தைத் தாங்களே அளந்து வரைபடம் போட வேண்டும். ஒரு குழு ஒளித்து வைக்கும் டப்பாவை இன்னொரு குழு அந்த வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டு அதிகாரி மகிழ வேண்டும். மகிழ்ந்தால் அந்த ஆசிரியருக்குக் கருத்தாளர் பதவி.

கருத்தாளர் என்பவர், மற்ற ஆசிரியர்களை ஒரு மண்டபத்தில் அடைத்து, அவர்களுக்குத் தெரிந்த விஷயத்தை அவர்களுக்குத் தெரியாத வார்த்தைகளில் சொல்லிக்கொடுப்பவர். சட்டைப்பையில் அட்டை தொங்கும். எல்லோருக்கும் ஒரு பன் என்றால் அவருக்கு இரண்டு. பத்து வருஷமாக அந்த மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மேடையில் இருப்பவருக்கு நோட்டில் மீசை வரைந்து பக்கத்து ஆளைச் சிரிக்க வைத்தவன் நான். ஆனால் தலைமையாசிரியை கூப்பிட்டு, "சார், நாலாம் வகுப்பு உங்களோடது. ஆகவே நீங்கதான் பண்ணணும். ஆகவே மானம் உங்க கையில" என்றபோது, என் காதுக்குள் 'மைக் டெஸ்டிங்' கேட்டது. ஆசை யாரை விட்டது.

முப்பத்திரண்டு பிள்ளைகளை நாலு நாலு பேராக எட்டுக் குழுவாகப் பிரித்தேன். டப்பாவுக்குள் வண்ணப் பென்சிலும் ஒரு விடுகதையும் இருக்கும். மணிக்கம்பத்திலிருந்துதான் எல்லோரும் புறப்பட வேண்டும். எந்தத் திசையில் எத்தனை காலடி என்று வரைபடத்தில் எழுத வேண்டும். மூன்று நாள் வளாகம் முழுக்க ஒரே முணுமுணுப்பு. எல்லோரும் எண்ணிக்கொண்டே நடந்தார்கள். குறுக்கே போய் 'என்னடா' என்று கேட்டால் எண்ணிக்கை தவறிவிட்டது என்று என்னையே முறைத்தார்கள்.

வந்த வரைபடங்களைப் பார்த்து எனக்கு வியர்த்தது. ஒன்றில் பள்ளிக்கூடம் தீப்பெட்டி அளவு, வாட்ச்மேனின் நாய் அதைவிட மூன்று மடங்கு.

"ஏன்டா, நாய் என்ன மாடி வீடா?"

"நாய்தான் சார் முக்கியம். அதத் தாண்டித்தான் போகணும்."

தலைமையாசிரியையின் அறை எட்டு வரைபடங்களில் ஒன்றில்கூட இல்லை. "அங்கதான் யாருமே போகமாட்டோமே சார்" என்றார்கள். இதை அதிகாரியிடம் காட்டினால் எனக்கு அட்டையா தொங்கும்? நாக்குத்தான் தொங்கும்.

சுத்தமாக இருந்தது ஒன்றே ஒன்று. அது கணக்குப்பிள்ளை போட்டது.

கணக்குப்பிள்ளை என்பது வகுப்பில் வைத்த பெயர். வகுப்பிலேயே குள்ளமான பெண் அவள். எதைக் கண்டாலும் எண்ணுவாள். ஜன்னல் கம்பி, படிக்கட்டு, என் சட்டைப் பொத்தான். ஒருநாள் பிரார்த்தனை முடிந்து வகுப்புக்குள் நுழைந்ததும், "சார், இன்னிக்கு மேடம் பதினேழு ஆகவே" என்று அறிக்கை கொடுத்தாள். நேற்று எத்தனை என்று கேட்டேன். "பதினொண்ணுதான். இன்னிக்குக் கோபம்."

அளவு ரொம்பச் சரியாக இருக்கிற குழுவிலிருந்து ஒருவர்தான் அதிகாரிக்கு முன்னால் நின்று வரைபடத்தை விளக்குவார் என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். அவள் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுடைய அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். மகள் பேசப்போவதைப் பார்க்கக் கடையில் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லி வைத்திருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். அவளே சொன்னாள். எத்தனை பேரிடம் சொன்னாள் என்ற எண்ணிக்கையும் சொன்னாள்.

சனிக்கிழமை ஆளில்லாத பள்ளிக்கூடத்துக்கு எட்டு வரைபடங்களோடு போனேன். சரிபார்க்கத்தான். மணிக்கம்பத்திலிருந்து கைப்பம்பு வரைக்கும் அவள் நாற்பத்தாறு காலடி என்று எழுதியிருந்தாள். நான் நடந்தேன். இருபத்தேழில் பம்பில் இடித்துக்கொண்டேன். திரும்ப நடந்தேன். இருபத்தேழு. மற்ற ஏழு வரைபடத்திலும் இதே கதை. எல்லாக் குழுவும் கூட்டி எழுதியிருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று நான் அடிக்கடி சொல்வதற்கு எட்டு அத்தாட்சி கையில் கிடைத்த சந்தோஷத்தில், அங்கேயே மணிக்கம்பத்தின் மேடையில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவை எடுத்து ஒன்று விடாமல் அடித்துத் திருத்தினேன்.

வீட்டுக்கு வந்து எட்டையும் நானே சார்ட் பேப்பரில் அழகாக நகல் எடுத்தேன். நாயைச் சுருக்கினேன். தலைமையாசிரியையின் அறையைப் பெரிதாகக் கட்டினேன். பழைய வரைபடம் போலத் தெரிய வேண்டுமே என்று டிகாக்ஷனில் முக்கி எடுத்து, ஓரங்களை மெழுகுவத்தியில் கருக்கினேன்.

மனைவி தையல்காரி. மெஷினை மிதித்துக்கொண்டே பார்த்தாள். "இத பசங்க செய்யணும்னு சொன்னீங்க?"

"பசங்க செஞ்சததான் சரி பண்றேன்."

"நல்லாச் சரி பண்ணுங்க. நாளைக்குக் காலையில டீ கேக்காதீங்க. தூளெல்லாம் புதையல்ல போயிருச்சு."

திங்கட்கிழமை அசல்களை வகுப்பில் திருப்பிக் கொடுத்தேன். கணக்குப்பிள்ளை தன் தாளை வெகுநேரம் பார்த்தாள். எழுந்தாள்.

"சார், நான் மூணு தடவ எண்ணினேன். மூணு தடவையும் நாப்பத்தாறு."

"நானும் ரெண்டு தடவ எண்ணினேம்மா. இருபத்தேழு."

"இல்ல சார், நாப்பத்தாறு."

"நான் பெரியவனா நீ பெரியவளா?"

வகுப்பு சிரித்தது. சிரிக்கத்தானே கேட்டேன். அவள் குனிந்து என் செருப்பைப் பார்த்தாள். புதுச் செருப்பு, பார்க்கட்டும் என்று நானும் காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டினேன்.

"நீங்கதான் சார் பெரியவரு" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

அளவு தப்பான குழு விளக்க முடியாது, விதி விதிதான் என்று, அந்த வாய்ப்பை ஒலிபெருக்கிக்குக் கொடுத்தேன். ஒலிபெருக்கி என்ற பையன் 'உள்ளேன் சார்' என்று சொன்னால் பக்கத்து வகுப்பிலும் வருகை விழும். அவன் குழுவின் அளவும் தப்புத்தான். ஆனால் விதியை உண்டாக்கியவனுக்கு அதெல்லாம் கணக்கா?

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். கூடவே இரண்டு உதவியாளர்கள், ஒருவர் கோப்பு தூக்க, இன்னொருவர் தலையாட்ட. மொத்தப் பள்ளிக்கூடமும் வளாகத்தின் விளிம்பில் நின்றது. பெற்றோர்கள் வராந்தாவில். கணக்குப்பிள்ளையின் அம்மா முதல் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் இஸ்திரிச் சூட்டின் சிவப்பு இன்னும் ஆறவில்லை. மகள் பேசப்போவதில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மகள் சொல்லியிருக்க மாட்டாள்.

ஒலிபெருக்கி விளக்கினான். தெருமுனை வரை விளங்கியது. நான் விசில் ஊதினேன். எட்டுக் குழுவும் டிகாக்ஷன் வரைபடங்களோடு மணிக்கம்பத்திலிருந்து எட்டுத் திசையில் கிளம்பியது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று கோரஸ்.

இருபது தாண்டியதும் ஒவ்வொரு குழுவாக நின்றது. ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்றது. ஒரு குழு மைதானத்தின் நட்டநடுவில் வட்டமாக நின்று, ஒருவர் காலை ஒருவர் தூக்கிப் பார்த்தது. இன்னொரு குழு, நான் சுருக்கிவிட்ட நாயை வரைபடத்தில் கவனிக்காமல் போய், சுருங்காத நாயிடம் மாட்டிக்கொண்டு திரும்பி ஓடிவந்தது. மூன்றாவது குழு ஆசிரியர் கழிப்பறை வாசலில் நின்று கதவைத் தட்டியது.

"யாரது?" என்றது உள்ளேயிருந்து, தலையாட்டும் உதவியாளரின் குரல்.

"புதையல் சார்! கொஞ்சம் வெளிய வாங்க!"

வராந்தாவில் சிரிப்பு வெடித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. கணக்குப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரைபடங்களைக் கலைத்துக் கொடுத்ததில் அவள் குழுவுக்கு அவளுடையதே போயிருந்தது. அவள் நான் எழுதிய இருபத்தேழை அப்படியே நடந்து, கைப்பம்புக்கு வெகுதூரத்துக்கு முன்னாலேயே நின்றிருந்தாள். பம்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். டப்பா எங்கே என்றும் தெரியும். ஆனால் சார் இருபத்தேழு என்று சொல்லியிருக்கிறாரே. இருபத்தேழாவது காலடியில் நின்று, தன் சின்னச் செருப்பைப் பார்த்தாள். அங்கிருந்தே தூரத்தில் என் செருப்பைப் பார்த்தாள்.

அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. ஆறடி மனிதன் ஒருவன் தன் காலால் நடந்து, மூன்றரை அடிப் பிள்ளைகளுக்குத் தூரம் எழுதிக் கொடுத்திருக்கிறான். அவர்கள் யாரும் கூட்டி எழுதவில்லை. அவர்களுடைய காலுக்கு அதுதான் தூரம். முப்பத்திரண்டு பேரும் சரியாக எண்ணியிருந்த பள்ளிக்கூடத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் கணக்கு வரவில்லை. அவனுக்குத்தான் சம்பளம்.

அதிகாரி கணக்குப்பிள்ளையிடம் நடந்துபோய்க் கையிலிருந்த வரைபடத்தை வாங்கினார். "இந்த அளவை யார் எடுத்தது?"

இங்கே நான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நான் பதறிப்போய் உளறினேன் என்று எழுதலாம், ஆனால் அப்படி இல்லை. யோசிக்க நேரம் இருந்தது. ஒரு மூச்சு விடும் நேரம். அந்த மூச்சில் மேடை, மைக், அட்டை, இரண்டாவது பன் எல்லாம் வந்து போயின.

"குழந்தைங்கதான் சார் எடுத்தாங்க. இவதான் அளந்தா. கொஞ்சம் அவசரக்காரி."

வராந்தா வரைக்கும் கேட்டது. அவள் சட்டைப்பையில், என் சிவப்பு மையோடு, அந்த அசல் தாள் நாலாக மடித்து இருந்தது. ஓரம் வெளியே தெரிந்தது. அதை எடுத்து நீட்டினால் போதும். அவள் எடுக்கவில்லை. கையை மட்டும் அதன் மேல் வைத்துக்கொண்டாள். கண் வேறெங்கோ போனது. வராந்தா, மைதானம், வரிசைகள். உதடு லேசாக அசைந்துகொண்டே இருந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பாப்பா, அளவு என்பது ஒழுக்கம்" என்று தொடங்கி, அதிகாரி ஐந்து நிமிடம் அவளுக்குப் பொறுமையைப் பற்றிச் சொன்னார். நடுவில் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தோளில் தட்டினார். "அருமை சார். குழந்தைங்க தப்பு பண்றதுக்கு நீங்க இடம் கொடுத்திருக்கீங்க பாருங்க, அதுதான் கல்வி. தவறிழைத்தல்வழிக் கற்றல்!" கோப்பு தூக்குபவர் அதைக் குறித்துக்கொண்டார். சிரிப்புச் சத்தத்துக்கே கழிப்பறையிலிருந்து வெளியே வந்துவிட்ட மற்றவர் எதற்கென்று தெரியாமலே தலையாட்டினார்.

நான் கருத்தாளர் ஆகிவிட்டேன்.

பள்ளி விட்டதும் கேட்டருகில் அவளுடைய அம்மா என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"மன்னிச்சுக்கங்க சார். வீட்டுலயும் இவ இப்படித்தான், எதுக்கெடுத்தாலும் அவசரம். உங்களுக்குப் பெரிய ஆபீசர் முன்னால தலைகுனிவாப் போச்சு. நான் சொல்லி வெக்கிறேன்."

"பரவால்லம்மா" என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். பெருந்தன்மையோடு. மகளின் காதைப் பிடித்துக்கொண்டு அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். என் அசட்டுத்தனங்களுக்கு அவள் எப்போதும் சிரிப்பாள். இந்த முறை மெஷின் நின்றது.

"உங்க இடுப்புக்கு அளவெடுத்துத் தெச்ச பேன்ட்ட புள்ளைங்களுக்கு மாட்டி விட்டிருக்கீங்க. சரி, அது முட்டாள்தனம். முட்டாள்தனம் எல்லாருக்கும் வரும். அவுந்து விழுந்ததும் அந்தப் புள்ளயப் பாத்து 'உனக்கு இடுப்பு சரியில்ல'ன்னு சொன்னீங்களே, அது என்னங்க?"

அவள் திரும்ப மிதிக்கத் தொடங்கினாள். நான் கேட்காமலேயே டீ கொண்டுவந்து வைக்கும் நேரம் அது. வரவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமி, பிள்ளைகளிடம் சொன்னேன்: அளவு தப்பாகப் போனது என்னால், நீங்கள் எல்லோரும் சரியாகத்தான் எண்ணினீர்கள், சிவப்பு மையில் எழுதியதெல்லாம் என் கால். முப்பத்திரண்டு பேரும் கேட்டார்கள். ஒலிபெருக்கி "அப்பவே நெனச்சேன் சார்" என்றான். அவன் ஒன்றும் நினைக்கவில்லை. எனக்கு நெஞ்சு லேசானது. ஆச்சு, சொல்லிவிட்டேன். கணக்குப்பிள்ளையைப் பார்த்தேன்.

அவள் எழுந்தாள். "இங்க முப்பத்தொரு பேருதான் சார் இருக்காங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"அன்னைக்கு நூத்திப் பதினாலு பேரு இருந்தாங்க. என்னையும் உங்களையும் சேக்காம. நான் எண்ணினேன்."

அன்று உதடு அசைந்தது எதற்கென்று அப்போது தெரிந்தது. அதிகாரி ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிய ஐந்து நிமிடமும் அவள் எண்ணியிருக்கிறாள். தன்னை அவசரக்காரி என்று நான் சொன்னதைக் கேட்டவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று.

"எங்கம்மாவும் அதுல ஒண்ணு சார்" என்றாள்.

அன்று மாலையே சலவைக் கடைக்குப் போனேன். ஆவியும் கஞ்சி வாசனையுமாக இருந்தது. ஐந்தாறு பேர் துணி வாங்க நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று ஓரமாக நின்றேன். போகப் போக வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் எல்லோருக்கும் நடுவிலேயே சொன்னேன். அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார்.

"அப்ப எம்பொண்ணு சரியாத்தான் எண்ணினாளா?"

"சரியாத்தாம்மா எண்ணினா."

"அன்னைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ரெண்டு போட்டேன் சார்." பெட்டியை மறுபடி எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. "வாயே தெறக்கல. ஏன் சொல்லலைன்னு இப்பத்தான் கேக்கணும். நீங்க போங்க சார், சட்ட கருகிரும்."

மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் மைக்கை வாங்கினேன். தலைமையாசிரியைக்கு முகம் வெளிறியது. "ஆகவே இதெல்லாம் எதுக்கு சார், ஆகவே முடிஞ்ச விஷயம்" என்று காதில் சொன்னார். சொன்னேன். பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக எண்பத்தேழு பேர் என்று பிறகு தகவல் வந்தது. "ரெண்டு பேருக்குக் காய்ச்சல் சார். வந்ததும் சொல்லிருங்க." அவர்கள் வந்தபோது தனித்தனியாகச் சொன்னேன். ஒருவன் ஒன்றாம் வகுப்பு. புரிந்ததோ இல்லையோ, கேட்டுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி சார், இனிமே பண்ணாதீங்க" என்றான்.

அம்மாவைச் சேர்த்துப் பெற்றோர்கள் இருபத்திரண்டு பேர். தினமும் பள்ளி விடும் நேரத்தில் கேட்டருகில் நின்று பிடித்தேன். சிலர் நான் எதற்கோ நன்கொடை கேட்கிறேன் என்று நினைத்து வேகமாக நடந்தார்கள். பின்னாலேயே போய்ச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சொல்லும்போது கொஞ்சம் சுலபமாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. 'அவசரக்காரி' என்ற வார்த்தை வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் நாக்கு இடறியது. கணக்குப்பிள்ளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு.

மீதி மூன்று பேர். அதிகாரியும் உதவியாளர்களும்.

அதிகாரிக்கு விரிவாகக் கடிதம் எழுதினேன். பதவி எனக்கு வேண்டாம் என்றும் எழுதினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. 'மாணவர் தவற்றைத் தன் தவறாக ஏற்கும் தங்கள் தன்னடக்கம் பிற ஆசிரியர்களுக்கு முன்மாதிரி. தங்கள் கடிதம் எல்லாப் பள்ளிகளுக்கும் நகல் அனுப்பப்படுகிறது.' கீழே பயிற்சி முகாமின் தேதி.

கடிதத்தை அவளிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டி முழுதாகப் படித்தாள்.

"அவரு நம்பல சார்."

"ஆமா."

"அப்ப கணக்குல வராது." நோட்டை மூடினாள். மூடியவள் திரும்பத் திறந்து, உள்ளே செருகியிருந்த அந்த நாலு மடிப்புத் தாளை எடுத்து என்னிடம் கொடுத்தாள். நாற்பத்தாறு, அதன் மேல் என் சிவப்புக் கோடு, பக்கத்தில் என் இருபத்தேழு. "இதக் காட்டிச் சொல்லுங்க. மூணு பேரும் இருக்காங்களான்னு எண்ணிக்கிட்டுச் சொல்லுங்க."

முகாம் நாள் வந்தது. அதே மண்டபம். என் கடைசி வரிசை இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து நோட்டில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். மீசையாகத்தான் இருக்கும். எனக்கு அட்டை மாட்டினார்கள். அதிகாரி என் தன்னடக்கத்தைப் பற்றிப் பேசி முடித்து, முதல் வரிசையில் போய் அமர்ந்தார்.

நாற்காலியிலிருந்து மைக்குக்குப் பதினோரு காலடி. அவளுக்குப் பத்தொன்பது ஆகும்.

மைக் முன்னால் நின்று எண்ணினேன். அதிகாரி, ஒன்று. கோப்பு தூக்குபவர், இரண்டு. தலையாட்டுபவரைக் காணோம்.

"பேசுங்க சார்" என்றார் அதிகாரி.

"ஒருத்தர் வரணும் சார்."

மண்டபம் நெளிந்தது. யாரோ இருமினார்கள். நான் நின்றேன். வெகுநேரம் கழித்துப் பக்கவாட்டுக் கதவு திறந்து, பன் தட்டோடு அவர் உள்ளே வந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். மூன்று.

தாளைப் பிரித்துச் சிவப்பு மை அவர்களுக்குத் தெரியும்படி பிடித்தேன். "இது என் கையெழுத்து. அந்தப் பொண்ணு சரியா எண்ணினா. உங்க முன்னால நான் பொய் சொன்னேன்" என்றேன்.

அதிகாரி கைதட்டுவதற்காக ஏற்கெனவே கைகளைத் தூக்கியிருந்தார். அவை அப்படியே நின்றன. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "சார், இங்க கேக்கல."

மைக்கை இன்னும் கிட்டே இழுத்து, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.